தண்ணி ஊத்துற நாளுக்கு முன்னால் இரண்டு வருஷம்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், முகூர்த்த மாதங்களில் வழியெல்லாம் ஃபிளெக்ஸ் பேனர் படித்துக்கொண்டே போகலாம். பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணத்தோடு நடுவில் ஒரு பெண். சுற்றிலும் வட்டம் வட்டமாகத் தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், ஊர்ப் பிரமுகர்கள், மேலே ஓரமாக ஒரு கட்சித் தலைவர். மஞ்சள் நீராட்டு விழா. எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சில் தண்ணி ஊத்துறது. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்த முகங்களில் சிலதை எனக்குத் தெரியும். போன வருஷம்தான் என் வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாட்டை முழுங்கி முழுங்கி ஒப்பித்த பிள்ளைகள்.

விழாவைத் திட்டுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. என் குறை வேறு. அந்த ஒரு நாளையே நாம் பெரிதாகப் பார்த்துப் பழகிவிட்டதால், அதற்கு முன்னால் உடம்பில் நடக்கும் எதையும் பார்ப்பதில்லை. நேற்று வரை குழந்தை, இன்றைக்குப் பெரிய மனுஷி. நடுவில் நமக்கு ஒன்றும் கிடையாது. உடம்பின் கணக்கு அப்படி இல்லை. முதல் மாதவிடாய் என்பது பருவ மாற்றத்தின் ஆரம்பம் அல்ல, கிட்டத்தட்டக் கடைசிக் கட்டம். மார்பு அரும்பத் தொடங்கி சுமார் இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் அது வருகிறது. கோளாறு ஏதாவது இருந்தால் கண்டுபிடிக்கவும், தேவைப்பட்டால் தள்ளிப்போடவும் டாக்டர்களுக்குக் கிடைக்கும் காலம் அந்த இரண்டு வருஷம். அதைத் தாண்டவிட்டுத்தான் பெரும்பாலும் நாம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறோம்.

பருவம் வயதுக்கு முன்பே வருகிறதா என்று பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது: பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு அரும்பினால், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் விதைகள் பெருத்தால், காட்டிவிட வேண்டும். எட்டு முடிந்து தொடங்கினால் சீக்கிரம்தான், ஆனால் இயல்பின் எல்லைக்குள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பத்து, பத்தரை வயதில் மாதவிடாய் வந்துவிடலாம். ஐந்தாம் வகுப்பு. மருத்துவப்படி அது நோய் இல்லை என்பதால் வீட்டில் எந்தத் தயாரிப்பும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

என் பெரியவளுக்கு ஆரம்பித்தது இரண்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஏழரை வயதில். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். படித்துப் பார்த்து, சில வரிகளை அடித்துக் கொடுத்தாள். மிச்சம் இருப்பது அவள் விட்டுவைத்தது.) எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, ஒரு பக்க மார்புக் காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்படுவதைக் கவனித்தார். தொட்டால் வலிக்கிறது என்றாள் குழந்தை. வேலூர் வெயிலுக்கு எது வந்தாலும் முதல் சந்தேகம் வேனல் கட்டிதான். நாமக்கட்டியை இழைத்துப் போட்டார் அம்மா. அது அடங்கவில்லை, கொஞ்ச நாளில் அடுத்த பக்கமும் அரும்பியது.

ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவது சாதாரணம். வேறு ஏதோ கட்டியோ என்று பயந்து அமுக்கிப் பார்க்கவோ, பிதுக்கவோ கூடாது. கத்தி வைக்கவே கூடாது. பிறகு யோசித்தால் வேறு அடையாளங்களும் இருந்தன. விளையாடிவிட்டு வந்தால் அக்குளில் பெரியவர்கள் போல வியர்வை வாடை. அந்த ஒரு வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து, பிரேயர் வரிசையில் நடுவில் நின்றவள் கடைசிக்குப் போயிருந்தாள். இந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளர்வதுதான் வழக்கம். "இன்னாமா, புள்ள நெடுநெடுன்னு வளந்துட்டா, அவங்க அப்பா மாதிரி" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயமாகத்தான் தெரியும். அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. பருவ ஹார்மோன்கள் முதலில் அதை வேகமாக வளரவிட்டு, பிறகு மூடிவிடும். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் மூடும். மூன்றாம் வகுப்பில் எல்லோரையும் விட உயரமாக நிற்கும் பிள்ளை, பத்தாம் வகுப்பில் எல்லோரையும் விடக் குள்ளமாக நிற்கலாம். இதற்குத்தான் இடது கையை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மணிக்கட்டு, விரல் எலும்புகளைப் பார்த்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்து வைத்த அட்லஸ் 1950-இல் முதலில் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் குழந்தைகளின் கைகளை வைத்துச் செய்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளைகளின் கையோடு எங்கள் காட்பாடிப் பிள்ளையின் கையை வைத்துப் பார்த்து, எலும்புக்குப் பத்து வயது என்றார் டாக்டர்.

கூடவே ரத்தப் பரிசோதனை, தைராய்டு, வயிற்று ஸ்கேன். ஒரு ஊசி போட்டுவிட்டு நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்து, பருவத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் எவ்வளவு எகிறுகிறது என்றும் பார்த்தார்கள். நிறையக் கேள்விகள் கேட்டார்கள். தலைவலி, பார்வை மங்கல் உண்டா? உடம்பில் காப்பி நிறத்தில் படை மாதிரித் திட்டுகள் உண்டா? வீட்டில் யாராவது ஹார்மோன் மாத்திரையோ க்ரீமோ பயன்படுத்துகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கும் விஷயம் இல்லை. பெரியவர்கள் தோலில் தடவும் ஹார்மோன் க்ரீம், ஜெல் ஆகியவை தொடுவதாலேயே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து மார்பு அரும்பியதெல்லாம் நடந்திருக்கிறது. தைராய்டு மிகவும் குறைந்து போனாலும் இப்படி வரும். ஆனால் அதில் பிள்ளை வளராமல் நிற்கும், மார்பு மட்டும் வரும். மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்கு மார்பு லேசாகப் புடைத்திருந்து, வேறு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். பிறந்த சில மாதங்களுக்கு இந்த ஹார்மோன்கள் ஒருமுறை விழித்துவிட்டுத்தான் தூங்கப் போகின்றன. அக்குளிலோ கீழேயோ முடி மட்டும் சீக்கிரம் வருவதும் பல நேரம் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதைத் தீர்மானிப்பது பக்கத்து வீட்டு அக்காவின் வேலை இல்லை.

பெண் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தேடினாலும் தனிக் காரணம் என்று ஒன்று கிடைப்பதில்லை. மூளையில் இருக்கும் கடிகாரம் முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆறு வயதுக்குள் தொடங்கினால், அல்லது தலைவலி, பார்வைக் கோளாறு இருந்தால், மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவார்கள். எடை கூடுதலாக இருக்கும் பெண் குழந்தைகளுக்குச் சீக்கிரம் தொடங்குவது உண்மை. உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்கு இருக்கிறது. 2020 ஊரடங்குக்குப் பிறகு இத்தாலி முதல் நம் நாடு வரை பல இடங்களில் இப்படி வரும் குழந்தைகள் அதிகமானதாக டாக்டர்கள் எழுதினார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்தது, எடை ஏறியது, தூக்கம் கெட்டது என்று பல காரணங்களைச் சொல்லி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் விவாதமே இல்லை, தீர்ப்பு உடனே வந்துவிட்டது. பிராய்லர் கோழி. ஆம்பூர் பக்கத்தில் பெண் கொடுத்து எடுத்த குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லாமல் விடியாது. அப்படிப்பட்ட வீட்டில் கோழியையும் முட்டையையும் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார் நாத்தனார். "கோழிக்கு ஊசி போட்டு வளக்கறானுங்க அண்ணி, அது அப்பிடியே புள்ளைங்களுக்கு வருது." பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவதற்குக் காரணம், பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமும் தீவனமும். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஹார்மோன் ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுபடியாகாது. கோழிப்பண்ணையில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக். அது வேறு பிரச்சினை. வளரும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்திவிட்டு, ரோட்டோரப் பொரித்த கோழியையும் கூல்டிரிங்ஸையும் விட்டுவைத்தால் என்ன பயன்? இன்னொன்றும் வேடிக்கை. பெரியவளாகும் வரை முட்டை கொடுக்காதே, சீக்கிரம் ஆகிவிடுவாள் என்கிறவர்கள், ஆன மறுநாளே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியுமாக வாயில் திணிக்கிறார்கள்.

அடுத்த தீர்ப்பு, "உங்க பக்கத்து வாகுதான்". நான் பதினோரு வயதில் பெரியவளானவள், அதனால். தாயின் வயது ஓரளவு மகளுக்கு வரும், மறுக்கவில்லை. ஆனால் 2013-இல் கண்டுபிடித்த எம்.கே.ஆர்.என்.3 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் கோளாறு இருந்தால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தொடங்கிவிடும். அந்தக் கோளாறு அப்பாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும். அம்மாவிடமிருந்து வந்தால் அந்த மரபணு சும்மா உறங்கிக் கிடக்கும். எங்கள் பெண்ணுக்கு இந்தச் சோதனையே செய்யவில்லை, இதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. இருந்தாலும் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த திருப்தி கொஞ்சநஞ்சமில்லை.

சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. மெதுவாகப் போனால், எலும்பு வயது அதிகம் முந்தவில்லையென்றால், சில மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பெண்ணுக்கு வேகமாகப் போனதால் ஊசி ஆரம்பித்தார்கள். லியூப்ரோலைடு. மாதம் ஒருமுறை போடுவதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு. இது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலமஸ் விட்டு விட்டு அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி சுரப்பி எழுந்து வேலை செய்யும். காலிங்பெல்லை விட்டு விட்டு அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறோம். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பெல் கெட்டுவிட்டது என்று திரும்பிப் படுத்துவிடுவோம். ஊசி அப்படித்தான் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்திய முதல் கொஞ்ச நாள் பெல் ஒலித்துவிட்டுத்தான் அடங்கும், அதனால் முதல் ஊசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஒருமுறை லேசாக ரத்தம் படலாம். இதை முன்கூட்டியே சொன்னதால் பிழைத்தேன். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்திருப்பேன்.

ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பல வருஷம் போட வேண்டியிருக்கும் என்பதால் செலவை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. பொதுவாகப் பதினொரு வயதை ஒட்டி நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். "பின்னாடி கொழந்த பொறக்காம போயிடுமா?" என்று என் அம்மா டாக்டரிடமே கேட்டார். அதைப் பாதிப்பதில்லை என்றார். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து இது.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, இதற்காகச் சென்னை போய் அலைய வேண்டியதில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யும் இங்கே இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. குழந்தைகள் டாக்டரிடம் முதலில் காட்டினால், ஹார்மோன் டாக்டர் தேவையா என்று அவரே சொல்வார். பிள்ளையின் பழைய உயரக் குறிப்புகள் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள். பள்ளியில் உயரம் எழுதிவைத்த ரிப்போர்ட் கார்டு கூட உதவும்.

இனி ஆண் பிள்ளைகள். அவர்களுக்குத் தண்ணி ஊத்துற நாளே கிடையாது. ஆகவே யாரும் எதையும் கவனிப்பதே இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன், ஐந்தாம் வகுப்பு உயரம், மேலுதட்டில் லேசாகக் கறுப்பு, குரல் கட்டை. "நல்லா சாப்புடுவான் போல" என்று பெஞ்சு தூக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மாவுக்குப் பெருமை வேறு. பையன்களுக்குச் சீக்கிரம் தொடங்கினால் உள்ளே ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு பெண்களை விட மிக அதிகம். சில நேரம் மூளையில் கட்டியாகவும் இருக்கலாம். அதனால் பையன்களுக்கு விசாரணையில் தயவு தாட்சண்யமே கிடையாது. டாக்டரிடம் சிறிசு முதல் பெரிசு வரை கோத்த ஒரு மணிக்கோவை இருக்கும். விதையின் அளவை அதோடு ஒப்பிடுவார்கள். விதை பெருத்திருந்தால் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மீசையும் உயரமும் வந்து விதை மட்டும் சிறிதாகவே இருந்தால், பல நேரம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறு. அந்தப் பையனுக்கு அதுதான், பிறவியிலேயே இருந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு இருந்த தயக்கத்தை விட, கேட்கும்போது அவருக்கு இருந்த வெட்கம் அதிகம். பையனைப் பற்றி இப்படியெல்லாம் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை.

சரி, குழந்தையிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். அது பாடம் எடுப்பது போல ஆகிவிடும், எனக்கு அந்த வியாதி உண்டு. என் பெண்ணிடம் முதலில் சொன்னது இவ்வளவுதான்: "எல்லா பொண்ணுங்களுக்கும் இது வரும் பாப்பா, உனக்கு கொஞ்சம் முன்னாடி வந்துட்டுது. நீ ஒண்ணும் பண்ணல." கடைசி வாக்கியம் மிக முக்கியம். அவள் ஊஞ்சலில் வேகமாக ஆடியதால் வந்ததோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவ்வப்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் வரும்போது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ரத்தம் என்றால் என்ன, எங்கிருந்து வரும், வலிக்குமா. மாதவிடாய் வருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத எட்டு வயதுப் பிள்ளை அடிபட்டுவிட்டது என்றுதான் நினைக்கும். அவள் கேட்டதில் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான்: "அப்போ நான் தெருவுல கோகோ ஆடக் கூடாதா?" ஆடலாம் என்றேன். எங்கள் தெருவில் அதைச் சொல்லிவிட்டு நிலைநிறுத்தத் தனியாகச் சண்டை போட வேண்டியிருந்தது.

மார்பு அரும்பினால் முதலில் பருத்தி ஷிம்மீஸ் போதும். பள்ளிப் பையில் ஒரு சின்னத் துணிப்பையில் நாப்கினும் மாற்று ஜட்டியும் வையுங்கள், வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் அப்பா ஒதுங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ஒரு நாள் காலையிலிருந்து அப்பா பெண்ணைத் தொட்டுப் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். அவளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

வெளியே இருக்கும் தொல்லை வேறு மாதிரி. உயரத்தைப் பார்த்து வயதை முடிவு செய்துவிடுகிறார்கள். சென்னை பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்டால் கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்ப்பார். ஆதார் நகல் இல்லாமல் நாங்கள் ஏறுவதில்லை. கல்யாண வீட்டில் "பெரிய பொண்ணு மாதிரி இருக்குற, எதுக்குடி அழுவுற" என்பார்கள். அவள் அழுவது எட்டு வயதுப் பிள்ளையாக. உடம்பு பன்னிரண்டு மாதிரித் தெரிந்தாலும் புத்தி, பயம், அடம் எல்லாம் எட்டுதான். வேறு கண்களோடு பார்ப்பவர்களும் உண்டு. யார் எங்கே தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பேச்சை மற்ற பிள்ளைகளை விட முன்பே இந்தப் பிள்ளைகளிடம் பேசிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது வரை எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை.

விழா விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கலவையானது. அண்ணனுக்குச் சீர் செய்ய ஆசை, எங்கள் வீட்டில் நாங்கள் பல வருஷமாக எழுதிய மொய்யைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற கணக்கு. இரண்டும் நியாயம்தான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை மேடையில் உட்கார வைத்து, அவளுக்கு மாதவிடாய் வந்ததை ரோட்டில் பேனர் கட்டி அறிவிப்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைக்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் செய்யலாம், சில வருஷம் தள்ளியும் செய்யலாம். மொய் நோட்டு எங்கும் ஓடிவிடாது. எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது. விழாவுக்குச் சம்மதித்தாள், பேனர் கூடாது என்றாள். அண்ணனுக்குத்தான் வருத்தம்; டிசைன் வரை தயாராக வைத்திருந்தார்.

பள்ளியில் இன்னும் பாக்கி இருக்கிறது. அரசின் புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு. உயர்நிலைப் பள்ளியில் கேட்டால் கிடைக்கும். எங்களுடையது தொடக்கப் பள்ளி. இங்கே நாப்கின் தேவைப்படும் பிள்ளை இருக்கும் என்றே யாரும் நினைக்கவில்லை, பெண்கள் கழிப்பறையில் ஒரு குப்பைக் கூடை கூடக் கிடையாது. தலைமையாசிரியையிடம் பேசி, மூடி போட்ட கூடை ஒன்றும் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வாங்கியாகிவிட்டது. நாப்கின் பாக்கெட் என் மேசை டிராயரில் இருக்கிறது, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு அது தெரியும். அந்தக் கூடையை யார் காலி செய்வது என்பதில்தான் துப்புரவு அம்மாவுக்கும் எங்களுக்கும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்கு நாங்கள் ஆசிரியைகளே முறை வைத்துச் செய்கிறோம்.